தோற்றவருக்கு எதற்குச் சம்பளம்?

2024 ஜூன் 26, புதன்கிழமை. கும்பகோணத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மக்களவையின் புதிய சபாநாயகராக ஓம் பிர்லா தேர்வாகியிருந்தார். அவரை இருக்கை வரை அழைத்துச் செல்லச் சிலர் எழுந்து வந்தார்கள். ஒருவர் பிரதமர் நரேந்திர மோடி. இன்னொருவர் எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி. தேர்தல் மேடைகளில் ஒருவரையொருவர் வறுத்தெடுத்துக் கொண்டிருந்தவர்கள், அன்றைக்குக் கைகுலுக்கிக்கொண்டு சபாநாயகரோடு நடந்தார்கள்.

டி.வி-க்கு எதிரே தரையில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள் பேத்தி. செப்டம்பரில் குரூப் 2 தேர்வு. சென்னைக்குப் போய் பயிற்சி மையத்தில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. "ஆன்லைன் கிளாஸ் போதும்" என்று தாத்தா சொல்லிவிட்டார். அந்த வீட்டில் தாத்தா சொன்னால் சொன்னதுதான்.

"தாத்தா, எதிர்க்கட்சித் தலைவருக்கு கேபினட் மந்திரி அந்தஸ்து, சம்பளம், பங்களா எல்லாம் உண்டுன்னு போட்டிருக்கு. ஜெயிச்சவங்களுக்குக் குடுத்தா சரி. தோத்தவங்களுக்கு எதுக்கு தாத்தா சம்பளம்? அதுவும் நம்ம வரிப்பணத்துல?"

தாத்தா 34 வருடம் அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தியவர். ஊரில் அவருக்குப் பெயரே 'ஹிஸ்டரி சார்'தான். எந்தக் கேள்விக்கும் பட்டென்று பதில் வரும். அன்றைக்கு வரவில்லை. ரிமோட்டை எடுத்து டி.வி-யின் சத்தத்தைக் குறைத்தார். 48 வருடத்துக்கு முன் ஒரு பையன் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டிருந்தான்.

"சொல்றேன். ஆனா ஒரு வரியில சொல்ல முடியாது. அந்த நாற்காலியோட கதையையே சொல்லணும்" என்றார்.

சிரிப்பில் பிறந்த பெயர்

ஆட்சியை எதிர்ப்பவனை ராஜத் துரோகி என்று சிறையில் தள்ளுவதுதான் உலகம் முழுக்க நெடுங்காலம் இருந்த வழக்கம். 'மன்னரை எதிர்க்கவில்லை, மன்னரின் அமைச்சர்களைத்தான் எதிர்க்கிறேன்' என்று ஒருவர் எழுந்து பேசவும், பேசிவிட்டு வீட்டுக்குப் பத்திரமாகத் திரும்பவும் பல தலைமுறைகள் தேவைப்பட்டன.

1826-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜான் கேம் ஹாப்ஹவுஸ் என்ற உறுப்பினர், பேச்சோடு பேச்சாக 'மாட்சிமை தங்கிய மன்னரின் எதிர்க்கட்சி' என்று ஒரு சொல்லைப் போட்டார். கிண்டலாகத்தான் சொன்னார். சபை சிரித்தது. ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அரசாங்கம் மன்னருடையது என்றால், அதைக் கேள்வி கேட்பவர்களும் மன்னருடையவர்கள்தானே?

சம்பளம் வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. கனடா 1905-லேயே கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பிரிட்டன் 1937-ல் சட்டம் போட்டு, எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு என்று நிர்ணயித்தது. அப்போது அந்த இடத்தில் இருந்தவர் கிளமென்ட் அட்லி. எட்டு வருடம் கழித்து 1945-ல் அவரே பிரதமரானார். இந்தியாவுக்கு விடுதலை கொடுத்த அரசு அவருடையதுதான்.

கட்சிக் கொறடாவின் கதையும் அங்கே ஆரம்பித்ததுதான். நரி வேட்டைக்குப் போகும்போது, கூட்டத்தைவிட்டு விலகி ஓடும் வேட்டை நாய்களைச் சாட்டையால் விரட்டி ஒன்றுசேர்க்க ஓர் ஆள் இருப்பார். வாக்கெடுப்பு நேரத்தில் உறுப்பினர்களைச் சபைக்குள் கொண்டுவந்து சேர்ப்பவருக்கும் அந்தப் பெயரே வந்தது. தமிழில் நாம் சொல்லும் 'கொறடா'வுக்கும் சாட்டை என்றுதான் பொருள்.

"அப்போ எம்.பி-க்கள் எல்லாம் வேட்டை நாயா தாத்தா?" என்று பேத்தி சிரித்தாள்.

"பரீட்சையில அப்படி எழுதிடாதே" என்றார் தாத்தா.

தீரர் கேட்ட கேள்விகள்

இந்தியாவில் எதிர்க்கட்சி வரிசை சுதந்திரத்துக்கு முன்பே உருவாகிவிட்டது. 1920-களில் டெல்லியின் மத்திய சட்டசபைக்குள் சுயராஜ்யக் கட்சி நுழைந்தபோது அதற்குத் தலைவர் மோதிலால் நேரு. 1934 தேர்தலுக்குப் பிறகு காங்கிரஸ் அணிக்குத் தலைவர் புலாபாய் தேசாய். அவருக்குத் துணைத் தலைவராக இருந்தவர் நம் புதுக்கோட்டைப் பக்கத்துத் திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி. சென்னை பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பெயராக இருக்கிறாரே, அவரேதான்.

அந்தச் சபையில் ஒரு விசித்திரம் உண்டு. எதிர்க்கட்சி வாக்கெடுப்பில் ஜெயித்தாலும் அரசு கவிழாது. வைஸ்ராயின் அரசு அந்தச் சபைக்குக் கட்டுப்பட்டதே இல்லை. கவிழ்க்க முடியாத அரசின் முன் என்ன செய்வது? சத்தியமூர்த்தி கேள்வி கேட்டார். கேள்வி நேரத்தில் ஒரு கேள்வி, அதற்கு வரும் பதிலிலிருந்து துணைக் கேள்வி, அதிலிருந்து இன்னொன்று. ஆங்கிலேய அதிகாரிகள் அவருக்குப் பதில் சொல்லத் தனியாகத் தயாராகி வர வேண்டியிருந்தது. பதவி இல்லாதவனின் ஆயுதம் கேள்விதான் என்பதை அந்தச் சபை அவரிடம் பார்த்தது.

பத்தில் ஒரு பங்கு

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1952-ல் முடிந்தது. தேர்தல் நடந்த 489 இடங்களில் காங்கிரஸுக்கு 364. அடுத்து வந்த கம்யூனிஸ்ட் கட்சிக்கு 16. அந்த அணிக்குத் தலைமை ஏற்றவர் ஏ.கே.கோபாலன். அன்றைக்கு சென்னை மாகாணத்தில் இருந்த கண்ணூர் தொகுதியிலிருந்து ஜெயித்து வந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்புதான் அவர் விசாரணை இல்லாத தடுப்புக் காவலில் இருந்தபடி, சென்னை அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடத்தியிருந்தார். சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். சிறையிலிருந்த ஒருவர், பிரதமர் நேருவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

ஆனால் அவருக்கு 'எதிர்க்கட்சித் தலைவர்' என்ற அங்கீகாரம் கிடைக்கவில்லை. முதல் சபாநாயகர் மாவலங்கர் ஓர் அளவுகோல் வைத்திருந்தார். சபை நடக்கக் குறைந்தபட்சம் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். தனி ஆளாக நின்று அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கையைக் காட்டக்கூடிய கட்சியைத்தான் முறையான கட்சியாக ஏற்க முடியும் என்பது அவர் கணக்கு. நாளை ஆட்சி மாறினால் அரசு அமைக்கத் தெம்பு இருக்க வேண்டும் அல்லவா?

இந்தப் பத்து சதவிகிதம் பின்னாளில் பெரிய வம்பாகப் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1967-ல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி 44 இடங்களைப் பிடித்து மிகப் பெரிய எதிர்க்கட்சியானது. 520 பேர் கொண்ட சபையில் 52 தேவை. எட்டு குறைந்தது. ஆனாலும் அந்த வருடம் ஒரு நல்ல வழக்கம் பிறந்தது. அரசின் செலவுக் கணக்கைத் துருவும் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் முதன்முறையாகத் தலைவரானார். அவர் சுதந்திராக் கட்சியின் மினு மசானி. வீட்டுச் செலவு நோட்டைச் செலவு செய்தவரே சரிபார்க்கக் கூடாது என்ற எளிய நியாயம்தான். அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

ரயில்வே மந்திரி எதிர்வரிசைக்கு வந்தார்

முதல் அங்கீகாரம் எதிர்க்கட்சியின் வளர்ச்சியால் வரவில்லை. ஆளும் கட்சி உடைந்ததால் வந்தது.

1969 நவம்பரில் காங்கிரஸ் இரண்டானது. ஒரு பக்கம் பிரதமர் இந்திரா காந்தி. இன்னொரு பக்கம் ஸ்தாபன காங்கிரஸ். அந்த மாதத் தொடக்கம் வரை ரயில்வே அமைச்சராக இருந்த ராம் சுபக் சிங், ஸ்தாபன காங்கிரஸின் மக்களவைத் தலைவரானார். அறுபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அவர் பின்னால் இருந்தார்கள். பத்தில் ஒரு பங்கு தாண்டிவிட்டது. டிசம்பரில் சபாநாயகர் தில்லான் அவரை எதிர்க்கட்சித் தலைவராக அங்கீகரித்தார். சுதந்திரம் அடைந்து 22 வருடம் கழித்து, மக்களவைக்கு முதல் எதிர்க்கட்சித் தலைவர் கிடைத்தார். மாநிலங்களவையில் ஷியாம் நந்தன் மிஸ்ரா அதே பொறுப்புக்கு வந்தார்.

அந்த எதிர்வரிசையில் நமக்குத் தெரிந்த ஒருவரும் இருந்தார். நாகர்கோவில் எம்.பி. காமராஜர். இந்திராவைப் பிரதமராக்கியவர்களில் முதன்மையானவர், மூன்று வருடத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தி.மு.க-வும் கம்யூனிஸ்ட்டுகளும் இந்திராவின் சிறுபான்மை அரசுக்குக் கைகொடுத்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று ஊர்த் திண்ணைகளில் ஆள் வைத்துக் கணக்குப் பார்த்த காலம் அது.

ராம் சுபக் சிங் அந்த நாற்காலியில் ஒரு வருடம்தான் இருந்தார். 1970 டிசம்பரில் சபை கலைந்தது. 1971 தேர்தலில் இந்திராவுக்கு 352 இடங்கள். எதிரே இருந்த பெரிய கட்சியான மார்க்சிஸ்ட்டுக்கு 25. நாற்காலி மறுபடி காலியானது.

"காலியா இருந்தா என்ன தாத்தா? எதிர்க்கட்சி எம்.பி-ங்க இருந்தாங்கதானே?"

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை.

கடைசி பெஞ்சுப் பையன்

1976. அப்போதைய ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. தாத்தா வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நாட்டில் நெருக்கடிநிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. ஜனவரி 31-ம் தேதி தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. டீக்கடைகளில்கூட அரசியல் பேச்சு கம்மிய குரலில்தான் நடந்தது.

அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புக்குக் குடிமையியல். பாடம் நாடாளுமன்றம். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சார், இப்ப டெல்லியில எதிர்க்கட்சித் தலைவர் யாரு சார்?"

அதே நேரம் வராண்டாவில் தலைமை ஆசிரியரின் செருப்புச் சத்தம்.

"யாரும் இல்லை" என்பதுதான் பதில். அது ரகசியம்கூட இல்லை. 1971-லிருந்தே அந்த நாற்காலி காலி என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் யாரும் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஏன் இல்லை? மற்ற தலைவர்கள் எங்கே? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 26 வயது வாத்தியாருக்குத் தைரியம் இல்லை. கல்யாணமாகி ஆறு மாதம். வேலை நிரந்தரம் ஆகாத நேரம்.

"அதெல்லாம் பரீட்சைக்கு வராது. உட்காருடா."

பையன் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் அதற்குப் பிறகு எழுந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நீ கேட்டியே, காலியா இருந்தா என்னன்னு. அப்படித்தான் இருக்கும். டெல்லியில கேக்கறதுக்கு ஆள் இல்லைன்னா, அந்த பயம் நம்ம ஊரு ஒன்பதாம் கிளாஸ் வரைக்கும் வந்து உக்காந்துக்கும்" என்றார் தாத்தா.

அடுக்களையில் காய் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது. பாட்டிக்கு இந்தக் கதை தெரியும். பேத்திக்குச் சொல்வது இதுதான் முதல் தடவை.

சிறைக்குப் போனவர்கள் போட்ட சட்டம்

1977 தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. அதுவரை நாடு பார்க்காத காட்சி. ஜனதா கட்சி ஆட்சிக்கு வந்தது. 154 இடங்களோடு காங்கிரஸ் எதிர்வரிசைக்குப் போனது. யஷ்வந்த்ராவ் சவான் எதிர்க்கட்சித் தலைவரானார். நெருக்கடிநிலைக் காலத்தில் இந்திராவின் அமைச்சரவையில் வெளியுறவுத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

ஆளும் வரிசையில் இருந்தவர்கள் யார்? பிரதமர் மொரார்ஜி தேசாய் 19 மாதம் காவலில் இருந்தவர். வாஜ்பாய், அத்வானி என்று அமைச்சர்கள் பலரும் அப்படித்தான். பழிவாங்க நினைத்திருந்தால் நல்ல சந்தர்ப்பம். எதிரே இருந்தவர்கள் அவர்களைச் சிறையில் வைத்த கட்சிக்காரர்கள்.

ஆனால் அந்த வருடமே அவர்கள் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவர்களுக்கான சம்பளம் மற்றும் படிகள் சட்டம், 1977. நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எதிர்க்கட்சியில் எண்ணிக்கையில் பெரிய கட்சியின் தலைவர், சபாநாயகரால் அங்கீகரிக்கப்பட்டவர், கேபினட் அமைச்சருக்கு இணையான சம்பளம், வீடு, வசதிகள் பெறுவார். பேத்தி நோட்டில் எழுதிவைத்திருந்தது இந்தச் சட்டத்தைத்தான்.

அதன் முதல் பலன், தங்களை உள்ளே தள்ளிய கட்சியின் தலைவருக்கே போனது.

இதோடு முடிந்திருந்தால் நல்லொழுக்கக் கதை. 1979 ஜூலையில் அதே சவான், அதே எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மொரார்ஜி அரசுக்கு எதிராக நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஜனதா உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தது. நான்கே நாளில் மொரார்ஜி ராஜினாமா செய்தார். சம்பளம் கொடுத்து உட்காரவைத்தவரே கவிழ்த்தார். ஆனால் அந்த வேலைக்குத்தான் அந்தச் சம்பளம்.

நாற்காலி மாறிய வருடங்கள்

1980-லும் 1984-லும் காங்கிரஸ் அலை. நாற்காலி மறுபடி பத்து வருடம் காலி. 1984-ல் எதிர்வரிசையில் பெரிய கட்சி எது தெரியுமா? என்.டி.ராமராவ் ஆரம்பித்த தெலுங்கு தேசம். ஒரு மாநிலக் கட்சி, 30 இடங்கள். பா.ஜ.க-வுக்கு அப்போது இரண்டே இடம்.

1989-ல் நிலைமை தலைகீழ். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி 197 எம்.பி-க்களோடு எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த வருடம் அத்வானி. பிறகு வாஜ்பாய்.

வாஜ்பாய் அந்தப் பொறுப்பில் இருந்த 1994-ல் நடந்தது இன்றைக்கும் பலர் சொல்லும் கதை. ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் காஷ்மீர் விஷயமாக இந்தியாவுக்கு எதிராகப் பாகிஸ்தான் தீர்மானம் கொண்டுவந்தது. இந்தியக் குழுவுக்குத் தலைவராக காங்கிரஸ் பிரதமர் நரசிம்ம ராவ் அனுப்பியது யாரை? எதிர்க்கட்சித் தலைவர் வாஜ்பாயை. வெளியுறவு இணையமைச்சர் சல்மான் குர்ஷித் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். வீட்டுக்குள் சண்டை போடுபவர், வெளியில் வீட்டுக்காகப் பேசப் போனார். பாகிஸ்தானின் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வராமலேயே போனது.

1996 மே மாதம் இன்னும் வேடிக்கை. வாஜ்பாய் பிரதமர், நரசிம்ம ராவ் எதிர்க்கட்சித் தலைவர். பதிமூன்று நாளில் அரசு போனது. ஜூனில் வாஜ்பாய் மறுபடி எதிர்க்கட்சித் தலைவர். இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் சில அடி தூரம்தான் என்று நாடே பார்த்தது.

1999 ஏப்ரல் 17-ல் அந்தத் தூரம் ஒரே ஒரு ஓட்டாகச் சுருங்கியது. ஜெயலலிதாவின் அ.தி.மு.க. ஆதரவை வாபஸ் வாங்க, வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கு கேட்டது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. கட்சிக் கொறடாக்கள் அன்றைக்கு எத்தனை தடவை தலைகளை எண்ணியிருப்பார்கள்!

கொறடாவுக்கு அந்தப் பலம் 1985-ல் வந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் வரும்வரை கொறடா உத்தரவை மீறினால் கட்சி கோபித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எம்.பி. பதவியே போய்விடும். கட்சி மாறி விலைபோவதைத் தடுக்க வந்த சட்டம் அது. கூடவே, தன் கட்சிக்குள்ளேயே 'இது தப்பு' என்று வாக்களிக்க நினைக்கும் ஒருவரின் வாயையும் அது கட்டியது. அதனால் எதிர்வரிசையிலிருந்து வரும் குரலுக்கு மதிப்பு இன்னும் கூடிப்போனது.

ஒரு மறுப்பின் விலை

1999-லிருந்து 2004 வரை சோனியா காந்தி. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். பிறகு அத்வானி. 2009 டிசம்பரில் சுஷ்மா ஸ்வராஜ். அவர் செய்த ஒரு காரியம், பேத்தியின் கேள்விக்கு நேரான பதில்.

ஊழலைக் கண்காணிக்கும் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையரை மூன்று பேர் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர். 2010 செப்டம்பரில் மன்மோகன் சிங், ப.சிதம்பரம், சுஷ்மா ஸ்வராஜ் மூவரும் உட்கார்ந்தார்கள். பி.ஜே.தாமஸ் பெயர் வந்தது. கேரளத்தின் பாமாயில் இறக்குமதி வழக்கில் அவர் பெயர் இருக்கிறதே என்றார் சுஷ்மா. இரண்டுக்கு ஒன்று. பெரும்பான்மை ஜெயித்தது. சுஷ்மா தன் மறுப்பைக் காகிதத்தில் பதிவு செய்துவிட்டு வந்தார்.

ஆறு மாதம் கழித்து, 2011 மார்ச் 3-ம் தேதி, அந்த நியமனமே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நிலுவையில் இருந்த வழக்கைத் தேர்வுக் குழு கணக்கில் எடுக்கவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். அன்றைக்கு அறையில் தோற்றுப்போன மறுப்பு, பிறகு நீதிமன்றத்தில் நின்றது.

"அந்த ஒரு கையெழுத்துக்குத்தான்மா சம்பளம்" என்றார் தாத்தா.

44, 52, 99

2014-ல் காங்கிரஸுக்கு 44 இடங்கள். 543-ல் பத்தில் ஒரு பங்கு 55. பதினொன்று குறைந்தது. மல்லிகார்ஜுன கார்கேவை எதிர்க்கட்சித் தலைவராக ஏற்கச் சபாநாயகர் சுமித்ரா மகாஜன் மறுத்தார்.

அப்போதுதான் மாவலங்கரின் பழைய கணக்கு பெரிய விவாதமானது. 1977 சட்டத்தில் பத்து சதவிகிதம் என்ற வார்த்தையே இல்லை, பெரிய எதிர்க்கட்சி என்றுதானே இருக்கிறது என்று ஒரு தரப்பு. அங்கீகாரம் சபாநாயகரின் அதிகாரம், வழக்கம் பத்து சதவிகிதம்தான், 1980-லும் 1984-லும் காங்கிரஸ் ஆட்சியில் எந்தக் கட்சிக்கும் அந்த அங்கீகாரம் கிடைக்கவில்லையே என்று இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதே நேரத்தில் டெல்லி சட்டமன்றத்தில் வேறு மாதிரி நடந்தது. 2015-ல் 70 இடங்களில் 67-ஐ ஜெயித்த ஆம் ஆத்மி, மூன்றே இடம் பெற்ற பா.ஜ.க-வுக்கு எதிர்க்கட்சித் தலைவர் பதவியைக் கொடுத்தது. ஆக, எண்ணிக்கை மட்டும் இல்லை, மனசும் வேண்டியிருக்கிறது.

காலி நாற்காலியின் பாதிப்பு வேறிடத்தில் தெரிந்தது. லோக்பாலைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் இருக்க வேண்டும் என்று சட்டம். எதிர்க்கட்சித் தலைவரே இல்லை. சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றார்கள். திருத்தம் நடக்கவில்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கார்கேவைச் 'சிறப்பு அழைப்பாளர்' என்று கூப்பிட்டார்கள். கருத்தைப் பதிவு செய்ய உரிமை இல்லாத இடத்துக்கு எதற்கு வர வேண்டும் என்று அவர் மறுத்தார். 2014-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்கு, முதல் லோக்பால் 2019 மார்ச்சில்தான் வந்தார்.

2019-ல் காங்கிரஸுக்கு 52. இந்த முறை மூன்றே மூன்று பேர் குறைவு. மறுபடியும் காலி. 2024-ல் 99. பத்து வருடம் கழித்து நாற்காலிக்கு ஆள் வந்தார். அந்தக் காட்சியைத்தான் காலையில் டி.வி. காட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு இவங்க அங்க போவாங்க, அவங்க இங்க வருவாங்க. ரெண்டு பக்கமும் உக்காந்து பாத்தவங்கதான் எல்லாரும். ஆனா ஆள் யாரா இருந்தாலும் அந்த நாற்காலி இருக்கணும். ஜெயிச்சவனுக்குக் கைதட்ட ஆயிரம் பேர் வருவான். கேள்வி கேக்கறதுக்கு ஒருத்தனை நாமளே சம்பளம் குடுத்துத்தான் வெச்சுக்கணும்."

பேத்தி எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"அந்தப் பையன் இப்ப எங்க இருக்காரு தாத்தா?"

"தெரியலை. பேரு கூட மறந்துபோச்சு. கேள்வி மட்டும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் 32 வருஷம் கிளாஸ்ல யாரு கேள்வி கேட்டாலும் உட்காருன்னு சொன்னதில்லை."

அடுக்களை வாசலில் பாட்டி வந்து நின்றார். கையில் பாதி நறுக்கிய கத்தரிக்காய்.

"கிளாஸ்ல சொன்னதில்லை. சரி. வீட்டுல?"

தாத்தா நிமிர்ந்து பார்த்தார்.

"டெல்லியில பத்து வருஷம் காலின்னு சொன்னீங்களே. இந்த வீட்டுல அந்த நாற்காலி நாப்பத்தெட்டு வருஷமா காலி. புள்ள சென்னைக்குப் போய்ப் படிக்கறேன்னு கேட்டா. அவ என்ன சொல்ல வர்றான்னு முழுசா கேட்டீங்களா? ஆன்லைன் போதும்னு ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டீங்க. அவகூடப் படிச்ச பொண்ணுங்க ரெண்டு பேரு அங்க ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க. இங்க மத்தியான கரன்ட் கட்டுல பாதி கிளாஸ் போயிடுது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

கூடத்தில் சத்தமே இல்லை. பேத்தி தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள்.

"இதுக்கும் கேபினட் சம்பளம் கேப்பே போலிருக்கே" என்றார் தாத்தா.

"சம்பளம் ஒண்ணும் வேண்டாம். காது குடுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் பாட்டி உள்ளே போனார்.

சத்தம் குறைத்த டி.வி-யில் சபாநாயகரை வாழ்த்தி ஒவ்வொரு கட்சித் தலைவராக எழுந்து பேசிக்கொண்டிருந்தார்கள். தாத்தா ரிமோட்டை எடுத்து அதை அணைத்தார். நாற்காலியைப் பேத்தி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"சரி, சொல்லும்மா. சென்னையில எங்க தங்கப் போறே? ஃபீஸ் எவ்வளவு? முதல்லேருந்து சொல்லு."